திருநீற்றுப் பொட்டலத்தில் பாஸ்வேர்டு

வீட்டில் இருப்பது மூன்று சாதனம். வைஃபை பட்டியலில் பதினான்கு இருந்தது.

கீர்த்திகா லேப்டாப்பைக் கிட்டத்தில் இழுத்துவைத்து இன்னொரு தடவை எண்ணினாள். அவளுடைய லேப்டாப், அவளுடைய போன், அம்மாவுடைய போன். மிச்சம் பதினொன்றும் முகம் தெரியாத விருந்தாளிகள்.

அதில் ஐந்து, டிவி.

மணி பத்தேகால். பதினோரு மணிக்கு வழக்கமான மீட்டிங். போன வாரம் மூன்று தடவை அவள் முகம் வாய் திறந்தபடியே திரையில் உறைந்து நின்றதில் பெங்களூர் மேனேஜருக்குப் பொறுமை போய்விட்டது. இன்றைக்கும் படம் நின்றால், திங்கட்கிழமையிலிருந்து ஆபீசுக்கே வந்துவிட வேண்டும்.

அது மட்டும் நடக்கக் கூடாது. அப்பா போய் இரண்டு வருஷம் ஆகிறது. இந்தக் கொட்டச்சேட்டில், காப்பித் தோட்டத்து நடுவே, அம்மாவைத் தனியாக விட்டுவிட்டு எப்படிப் போவாள்? பெங்களூரில் அவளைக் கட்டிக்கொள்ளக் காத்திருந்த பிரபாகரிடமும் இதையேதான் சொல்லிப் பேச்சை முடித்திருந்தாள்.

வேலிக்கு அந்தப்பக்கம் செல்வமேரி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்கக்கா, எங்க வைஃபை உங்க டிவியில ஓடுதுங்களா?"

செல்வமேரி ஒளிக்கவில்லை. "ஓடுது கண்ணு, நொம்பத் தெளிவா ஓடுது! சேர்வராயன் கோயில் திருவிழா முடிஞ்சு உங்கம்மா ஊடு ஊடாத் திருநீறு குடுத்தாங்கல்ல, அந்தப் பொட்டலத்துக்குள்ளதான் பாஸ்வேர்டு சீட்டு. நாங்க திருநீறு பூசறதில்லீங்கன்னேன். அப்பச் சீட்டையாவது வெச்சுக்கன்னு கையில திணிச்சுட்டாங்க. பதினோரு மணிக்குப் போட்டுப் பாரு, அப்பத்தான் நல்லா வரும்னாங்க. தங்கமான மனசு!"

கீர்த்திகாவுக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. அம்மா எப்பவும் அப்படித்தான். பட்டர் ஃப்ரூட் காய்த்தாலும் தெருவுக்கெல்லாம் போன பிறகுதான் வீட்டுக்கு.

அடுப்படியில் நின்று, குழந்தைக்குச் சொல்வதுபோல அம்மாவுக்கு எடுத்துச் சொன்னாள். ஒரே குழாயில் பதினான்கு பேர் தண்ணீர் பிடித்தால் கடைசியில் நிற்கிறவளுக்குச் சொட்டுச் சொட்டாகத்தானே வரும்?

"அப்படியா சாமி? எனக்கென்ன தெரியும்" என்றாள் சுஜாதா.

மிளகுக் கொடி மொத்தத்துக்கும் தன் கையாலேயே சொட்டுநீர்க் குழாய் பதித்த பெண்பிள்ளை, பாருங்கள், வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டாள்.

கீர்த்திகா ஒவ்வொரு சாதனமாக நீக்கினாள். ரோட்டு வளைவில் கடை வைத்திருக்கிற இர்பானின் போன் போயிற்று. பேர் தெரியாத அஞ்சு போன் போயிற்று. கடைசி டிவி போனபோது சரிவுக்குக் கீழே ஒரு குரல், "அட, இப்பத்தான் மாமியாக்காரி வாயத் தொறந்தா!" என்று அலறியது.

புதுப் பாஸ்வேர்டு போட்டாள். அம்மாவிடம் சொல்லவில்லை.

மீட்டிங் கண்ணாடி மாதிரி ஓடியது. மேனேஜரே அசந்துபோனார். இப்படியே இருந்தால் நீ எத்தனை காலம் வேண்டுமானாலும் அங்கேயே இருந்து வேலை பார்க்கலாம் என்றுவிட்டார்.

அதைச் சொல்ல அவள் கொல்லைப்பக்கம் ஓடினாள்.

துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், வெயில் விழுகிற இடம் பார்த்து அம்மா உட்கார்ந்திருந்தாள். எதிரே, இரண்டு வருஷமாகப் பரணில் கிடந்த பெரிய சூட்கேஸ் திறந்து கிடந்தது. மலை ஈரத்தில் பிடித்திருந்த பூசணம் துளிக்கூட இல்லை. காலையிலேயே துடைத்திருக்க வேண்டும், நன்றாகக் காய்ந்துவிட்டிருந்தது. ஜிப்புக்குத் தேங்காய் எண்ணெய் போட்டிருந்தது. உள்ளே புதுப் போர்வை ஒன்று, எலுமிச்சை ஊறுகாய் பாட்டில், துணியில் முடிந்த மிளகு.

சுஜாதா திரும்பிப் பார்க்கவில்லை. கீர்த்திகாவின் ஸ்வெட்டரை மடித்துக்கொண்டே கேட்டாள்:

"எந்நாளைக்குக் கண்ணு பஸ்சு?"

படம் ஒரு நொடிகூட நிற்கவில்லை என்று சொல்லத்தான் கீர்த்திகா வந்திருந்தாள். செல்வமேரி சொன்ன அந்தப் பதினோரு மணி இப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

"ஞாயித்துக்கெழமைம்மா" என்றாள்.