ஓணான் படுத்திருந்த இடம்

ஓணான் தலையாட்டுவது நம்மைக் கேலி செய்யத்தான் என்று பல தலைமுறைகளாக நம்பப்பட்டு வருகிறது. இந்தப் பெரும்பிழை இன்றோடு ஒழிய வேண்டும். ஏறி இறங்கும் விலைகளையே பார்த்துப் பழகிப்போன கழுத்து அது, வேறொன்றுமில்லை.

காற்றாலைப் பங்கின் பழைய விலைகளை ஓணான் ஒரு பனைமரத்தில் கோடாகக் கீறி வைத்திருந்தது. மழைக்காலத்தில் குட்டிகளுக்கு ஆகட்டும் என்று சேர்த்த கடலையோடு அணில் அங்கே வந்தது.

"மாமா, போன ஆடியிலும் பங்கு பத்துக் கடலை, இந்த ஆடியிலும் பத்தா?"

"இறங்குமா மருமகளே? அம்மியே பறக்குது, பாரு!"

"நடுவுல என்ன விலை?"

நடுவில்தான் ஓணான் படுத்திருந்தது. "இங்கேதான் வெயில் இதமா இருக்கு" என்று கண்ணை மூடிக்கொண்டது. படுத்திருக்கும் பெரியவரை நகரச் சொல்வது அணில் குலத்தில் வழக்கமில்லை. கடலை முழுவதையும் கொடுத்துவிட்டு, பங்குகளோடு போனது.

ஐப்பசியில் காற்று நின்று மழை பிடித்தது. அணில் பங்குகளை விற்க ஓடிவந்தது. விலை ஒரு கடலை.

ஓணான் சோம்பல் முறித்து நகர்ந்தது. அதன் அடியில் கோடு கிணறுபோல் இறங்கியிருந்தது.

"போன ஐப்பசியிலும் ஒண்ணுதான். எழுதித்தானே வச்சிருக்கேன்? நகருன்னு ஒரு வார்த்தை சொன்னியா? அடுத்த ஆடிவரை பொறு."

"குட்டிங்க பசி தாங்காதே மாமா."

ஆனாலும் ஒன்றுக்கு விற்க மனம் வராமல் அணில் திரும்பிப் போனது.

அடுத்த ஆடியில் விலை பத்தைத் தொட்டது. கொடுத்த கடலையெல்லாம் குறையாமல் திரும்பி வந்தது. அணில் தனியாக உட்கார்ந்து தின்றது.