தாடையில் ஒரு சக்கரம்

கிரேக்க நகரம் ஒன்றில், குதிரைப்படைத் தலைவன் தெரோனுக்குப் பொன்முடி சூட்டி, அவன் புகழைக் கல்லில் வெட்டிச் சந்தைவெளியில் நிறுத்த வேண்டும் என்று ஊர்ச்சபை முடிவுசெய்தது. அந்தக் கல்லை வண்டியில் இழுத்துப் போனது ஒரு கிழட்டுக் குதிரை. படையிலிருந்து கழித்துவிட்டதற்கு அடையாளமாக அதன் தாடையில் சக்கரம்போலச் சூடு போட்டிருந்தார்கள்.

"உன்மேல் என்ன எழுதியிருக்கிறார்கள்?" என்று கேட்டது குதிரை.

"தெரோன் தன் குதிரைகளைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டான். ஆற்றங்கரைப் போரில் வெட்டுப்பட்டும் ஆற்றைக் கடந்து உயிரோடு திரும்பினான்" என்றது கல்.

குதிரை சற்று நின்றது. "அன்று அவனுக்கு நினைவே இல்லை. நீந்தியது நான்."

"அது என்மேல் இல்லையே" என்று கல் தயங்கியது.

குதிரை மறுபடி வண்டியை இழுத்தது.

சந்தைவெளியில் தெரோன் பொன்முடியோடு நடந்து வந்தான். பழகிய காலடிச் சத்தம் கேட்டதும், வண்டியில் பூட்டியபடியே, அவன் ஏறுவதற்கு வாகாகக் குதிரை முதுகைத் தாழ்த்திக் கொடுத்தது. அவன் கல்லின் எழுத்துகளைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனான்.

கூட்டம் கலைந்த பிறகும் குதிரை நிமிரவில்லை.