தகட்டில் ஒரு ஓட்டை அதிகம்

ஒரு பட்டறையில் குட்டி டிராக்டர் ஒன்றும், பெரிய டிராக்டரின் முன்னால் மாட்டி மண், எரு அள்ளுவதற்கென்று செய்த பழைய லோடர் ஒன்றும் பக்கம் பக்கமாக நின்றன. இதன் போல்ட் ஓட்டையும் அதன் போல்ட் ஓட்டையும் ஒன்றோடொன்று பொருந்தவே இல்லை. சாயங்காலத்துக்குள் மாட்டாவிட்டால் லோடர் பழைய இரும்புக்காரன் வண்டியில் ஏறிவிடும்.

"என் உடம்புல துளை போட விடமாட்டேன்," என்றது டிராக்டர்.

"எனக்கு மட்டும் என்ன வேண்டுதலா?" என்றது லோடர்.

நடுவில் கிடந்த கனத்த இரும்புத் தகடு, "ரெண்டு பேருக்கும் நடுவுல நான் நிக்கிறேன். எல்லாத் துளையும் எனக்கே போடட்டும்," என்று துளை போடும் மிஷினுக்கு அடியில் போய்ப் படுத்தது.

அளவு எடுத்துத் துளை போட்டு மாட்டிப் பார்த்தால் ஓர் ஓட்டை ஒரு விரல் அகலம் தள்ளி நின்றது. லோடருக்கு அழுகை முட்டியது. தகடு டிராக்டரை மேலும் கீழும் பார்த்தது.

"அண்ணே, அளவு எடுக்கும்போது ஒருபக்கமா சாஞ்சிருந்தீங்களோ?"

டிராக்டர் முனகியது. "ஒரு டயர்ல காத்து கம்மி. நாலு பேர் முன்னால சொல்ல வெட்கமா இருந்துச்சு. அளவு எடுத்த அப்புறமாத்தான் காத்து அடிச்சுக்கிட்டேன்."

தகடு திரும்பவும் மிஷினுக்கு அடியில் போய்ப் படுத்தது. இரும்பு சுருள் சுருளாக உதிர்ந்தது. இந்தத் தடவை போல்ட் வழுக்கிக்கொண்டு இறங்கியது.

வெளியே எருக்குவியலில் லோடர் முதல் எருவை அள்ளித் தூக்கியதும் டிராக்டருக்குத் தலைகால் புரியவில்லை. அது தகட்டைப் பார்த்துக் கேட்டது: "அது சரி தங்கச்சி, உன் மேல ஒரு ஓட்டை சும்மா கிடக்கே, எதுக்கு?"

"அதுவா அண்ணே? நீங்க மறைச்ச காத்து போய்வர."

டிராக்டர் எருவோடு வயலுக்கு நடந்தது.