போர்த்தாத செடி

முன்பெல்லாம் பனிக்காலத்தில் எஸ்தர் தன் ஜெரேனியம் பூந்தொட்டிக்குச் சாயங்காலமே சாக்கு போர்த்திவிடுவாள். இளைப்பு உள்ள மகள் ரூபிக்கு வெயிலடித்தாலும் மப்ளர்தான். இரண்டு வருஷத்துக்கு முன் மழையில் கொல்லைச் சுவர் சரிந்து தொட்டி கீழேயுள்ள பள்ளத்தில் விழுந்தபோது எஸ்தர் எழவு விழுந்ததுபோல் அழுதாள். அதன்பின் அந்தப் பக்கமே எட்டிப் பார்த்ததில்லை.

இன்று ரூபியின் மப்ளரைக் காற்று பிடுங்கிக்கொண்டு போய் அந்தப் பள்ளத்தில் போட்டது. இருவரும் ஓடிப்போய்ப் பார்த்தார்கள். சரிவு முழுக்க ஜெரேனியம், சிவப்புச் சிவப்பாக.

"அம்மா, நம்ம செடி! பனியில கருகவே இல்லியா?"

எஸ்தர் விளிம்பிலிருந்த ஓர் இலையைக் கிள்ளி முகர்ந்தாள்.

"எறங்கி மப்ளர எடுத்துட்டு வரட்டா?"

வழக்கமான 'வேணாம்' நாக்குநுனி வரை வந்து நின்றது.

"மப்ளர் கெடக்கட்டும்டி," என்றாள். "பூவப் பறிச்சுட்டு வா."