அசையாத ரப்பர் நுரையீரல்

"நிரல்ல லாக் எழுதுற வரியைச் சேர்த்தா அபாய மணி ஒழுங்கா அடிக்குது, எடுத்தா அடிக்கல. விளக்கைப் போட்டா பேய் ஒளிஞ்சுக்குதுங்க," என்கிறான் கூட வேலை செய்யும் தாடிக்காரன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மேசைமேல், சோதனைக்காக மெஷினில் மாட்டிய ரப்பர் நுரையீரல் அசையாமல் கிடக்கிறது. மூச்சு நின்றதும் சென்சார் இன்டரப்ட் என்னும் அவசரச் செய்தியை அனுப்பிவிட்டது. திரையில் அந்தச் செய்தியின் பச்சைக்கோடு நிமிர்ந்து நிற்கிறது. அதைப் பார்த்து மணியடிக்க அவள் எழுதிய டிரைவர் நிரல் அதைக் கவனிக்கவே இல்லை. மதிய வெயிலில் ஸ்பீக்கர் வலையின் தூசு மட்டும் மினுங்குகிறது. அந்த வரி இல்லாத மூச்சுக் கண்காணிப்பு மெஷின்கள் போன மாதமே ஆஸ்பத்திரிகளுக்குப் போய்விட்டன. போன் அதிர்கிறது, தங்கை. "அக்கா, ஆஸ்பத்திரில பாப்பாவுக்கு உன் மெஷினைத்தான் மாட்டியிருக்காங்க. மூச்சு நின்னா அது கத்திடும்ல? மூணு நாளா நான் கண்ணே மூடல. கொஞ்ச நேரம் தூங்கட்டுமா?"