மகன் வரட்டும்

“சைன் வாங்கிட்டீங்களா?”

பெரிய டொக்டர் கேட்டதும் ஹிதாயா தலையைக் குனிந்துகொண்டாள். படிப்பை முடித்துவந்த புது டொக்டர் அவள். ஒரு நோயாளியிடம் தனியாகப் போய்ச் சத்திரசிகிச்சைக்குச் சம்மதம் கேட்பது இதுதான் முதல் தடவை.

“ஓம் எண்டும் சொல்றாரில்ல, மாட்டன் எண்டும் சொல்றாரில்ல சேர். மகன் வரட்டும் எண்டே நிக்கிறார்.”

“விளங்கிற மாதிரிச் சொன்னீங்களா?”

“ஓம் சேர். சீனி வருத்தத்தால கால் அழுகிட்டு, முழங்காலுக்குக் கீழ வெட்டணும், வெட்டாட்டி நஞ்சு ஏறி மௌத்தாகலாம் எண்டு எல்லாம் சொன்னேன். மயக்க மருந்து, பொய்க்கால் எல்லாத்தையும் சொல்லி, அவரைத் திருப்பிச் சொல்லவும் வச்சேன். பிசகாமச் சொன்னார்.”

“அப்ப உங்கள்ல பிழையில்ல. பிழை அந்த மகன்ல. இண்டைக்கு வெட்டாட்டி ஆள் தப்பமாட்டார்.”

அந்த நோயாளி, எத்தாளை ஊரில் கடல் தொழில் செய்த ஹயாத்து முகம்மது. கண்ணை மூடிப் படுத்திருந்தார். உதடு மட்டும் அல்லாஹ்வின் பெயரைச் சொல்லித் திக்ரில் அசைந்தது. போர்வைக்குள் இருந்தும் கால் நாறியது.

நேர்ஸ் மக்டலின் டெலிபோனை வைத்துவிட்டு வந்தாள்.

“மகன் அன்ஸாரோட கதைச்சேன் டொக்டர். ‘கொஞ்சம் வேல ஈக்கி மிஸ், முடிச்சிட்டு வாறன்’ எண்டு வச்சிட்டார்.”

“வாப்பாட உசிர விடப் பெரிய வேலையோ?” பக்கத்துக் கட்டில் மக்பூல் எழும்பி உட்கார்ந்தார். “இந்தக் கால் கடலுக்குப் போய்த்தானே அவன ஆளாக்கினது? இப்ப இங்க வந்துபோக அவனுக்குக் கால் இல்ல!”

ஹயாத்து முகம்மது கண்ணைத் திறந்தார். “அவன ஏசாதீங்க நானா.”

ஹிதாயா குனிந்து அவர் கையைப் பிடித்தாள். “மாமா, இது உங்கட கால். உங்கட சம்மதம் போதும். எதுக்குப் பயப்படுறீங்க?”

“மௌத்துக்குப் பயமில்ல மகள். வேற ஒண்டு ஈக்கி. சொல்ல வெக்கமா ஈக்கி. மகன் வரட்டும்.”

அது என்னவென்று கேட்க ஹிதாயாவுக்குத் தோன்றவில்லை. அவள் படித்துவந்த கேள்விகளில் அது இருக்கவில்லை.

நடுப்பகல் ளுஹர் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. பின்னேரம் அசருக்கும் கேட்டது. காய்ச்சல் ஏறிக்கொண்டே போனது.

அதற்குப் பிறகுதான் அன்ஸார் வந்தான். உடுத்திருந்த சாரமெல்லாம் மணல். நகங்களுக்குள் மண். மக்டலின் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“இடம் கிடைச்சிச்சா மகன்?”

“ஓம் வாப்பா. உம்மாட கபுறுக்குப் பக்கத்துல. பள்ளியில கேட்டு, நானே குழி தோண்டிட்டு வாறன். கால என்ட கையில வாங்கிட்டுப் போய் அடக்குவேன். நீங்க யோசிக்காதீங்க.”

மக்பூல் மெல்லப் படுத்து மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

ஹயாத்து முகம்மது கையை நீட்டிப் பேனையை வாங்கினார். ஒப்பமிட்டார். பிறகு ஹிதாயாவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமில்லை.

“நீங்க சொன்னதெல்லாம் விளங்கினது மகள். வெட்டின கால எங்க போடுவீங்க எண்டுதான் ஒருத்தரும் சொல்லல்ல. நம்மட மார்க்கத்துப் புள்ள, நீங்களும் சொல்லல்ல.”