ஐந்தாவது தூண்டில்

அடிப்பிடித்த பால் பாத்திரம். நார் தேய்ந்ததே தவிர, கறுப்பு அசையவில்லை.

"நாலாவதையும் தொட்டுட்டாங்களா?" சமையலறை ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டாள் எதிர் வீட்டு அக்கா.

"தொட்டுட்டாங்கக்கா," என்றாள் மருமகள். தேய்க்கிற கை நிற்கவில்லை.

அவள் சைபர் செக்யூரிட்டி படிக்கிறாள். மொபைல் ரிப்பேர் கடை மாடியில் எட்டுப் பழைய கம்ப்யூட்டர், ஒரு டீச்சர், கையைக் கடிக்காத ஃபீஸ். புத்தகமே கிடையாது. எல்லாம் செய்து பார்த்துப் பழகுவதுதான். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடு போட்டவளுக்கு அதுவே தெம்பாக இருந்தது.

இப்போது நடக்கும் பாடம் ஃபிஷிங். ஆசை காட்டி மெசேஜ் அனுப்பி, ஆளைச் சிக்க வைக்கிற திருட்டு வித்தை. அதைத் தெரிந்துகொண்டால்தான் தடுக்க முடியுமாம். மாமியார் காதில் மட்டும் அது வேறு மாதிரி விழுந்துவிட்டது. "என் மருமக மீன் பிடிக்கக் கத்துக்கறா" என்று தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டார். அப்புறம் விளக்கிச் சொல்லி, சம்மதக் கையெழுத்து வாங்குவதற்குள் இவளுக்கு வேர்த்துவிட்டது.

பரீட்சை இதுதான். வாரம் ஒரு பொய் மெசேஜ், புதுப்புது நம்பரிலிருந்து மாமியாருக்குப் போகும். அதிலுள்ள லிங்கைத் தொட்டால் ஆபத்து ஒன்றும் இல்லை, 'மாட்டிக்கொண்டீர்கள்' என்று வரும், அவ்வளவுதான். நடுவில் இவள் அவருக்கு எச்சரிக்கையாக இருக்கச் சொல்லித்தர வேண்டும். ஐந்தாவது மெசேஜில் மாமியார் மாட்டாமல் தப்பிவிட்டால் இவள் பாஸ். அடுத்த வகுப்பில் இடம், ஒரு கம்பெனியில் பயிற்சி வேலை. மாட்டினால் எல்லாம் போச்சு. ஆனால் மார்க் மாட்டினாலா, தப்பினாலா என்று மட்டும் வீட்டில் மூச்சு விடக் கூடாது. அது டீச்சரின் கண்டிப்பான உத்தரவு.

நாலு வாரமும் மெசேஜ் போன மறு நொடி மாமியார் தொட்டுவிட்டார்.

"பார்த்துத் தொடுங்க அத்தை," என்பாள் இவள், தரையைப் பார்த்துக்கொண்டு.

"சரிம்மா, சரிம்மா," என்பார் அவர், சிரித்துக்கொண்டு.

"நீ ஒரு வெகுளி!" ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள் எதிர் வீட்டு அக்கா. "முந்தாநாள் பேங்க்லேருந்து பேசறேன்னு ஒரு திருடன் போன் பண்ணானே, உங்க அத்தை என்ன பண்ணாங்க?"

"கார்டை நிறுத்திடுவோம்னான். 'என்கிட்ட கார்டே இல்லையேப்பா, எதை நிறுத்துவே?'ன்னாங்க."

"அப்புறம்?"

"'உங்கம்மா நம்பரைக் குடு, உன் லட்சணத்தை நான் கொஞ்சம் பேசணும்'னாங்க. அவனே வச்சுட்டுப் போயிட்டான்."

"பார்த்தியா? நிஜத் திருடனை அந்த விரட்டு விரட்டறவங்க, உன் மெசேஜ்ல மட்டும் பச்சைக் குழந்தை மாதிரி மாட்டறாங்களா? வேணும்னே பண்றாங்க. நீ படிச்சு வேலைக்குப் போயிட்டா வீட்டு வேலையை யார் பார்க்கறது?"

மருமகளுக்குச் சுருக்கென்றது. அப்படியும் இருக்குமோ?

கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். ஐந்தாவது மெசேஜை அடித்து முடித்தாள். அனுப்ப விரலை வைக்கும்போது, உள்ளறையிலிருந்து மாமியார் பேச்சு கேட்டது. பேத்தியை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டே, போனில் தன் மகளிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"இல்லடி, ஏமாறல்லாம் இல்ல. தெரிஞ்சேதான் தொடறேன். பாவம், கைக்குழந்தையை விட்டுட்டு ஓடி ஓடிப் போய்ப் படிக்கிறா. அவ போடற தூண்டில்ல நான் மாட்டலேன்னா வேற யார்டி மாட்டுவா? வெறுங்கையோட போய் நின்னா டீச்சர் மார்க் போடுவாங்களா?"

எதிர் வீட்டு அக்கா ஜன்னல் கம்பியிலிருந்து மெதுவாகக் கையை எடுத்தாள்.

"பார்த்துத் தொடுங்கன்னு வேற சொல்றா. மாமியாரையே பிடிச்சிட்டோமேன்னு அவளுக்குக் கூச்சம்! ... எப்படிக் கண்டுபிடிக்கிறேனா? திருட்டுப் பசங்கல்லாம் தமிழைச் சுத்தமா எழுதறானுங்கடி. 'வாழ்த்துகள்'ல 'ழ'வுக்குப் பதிலா கொம்பு முளைச்ச மாதிரி 'ள' போட்டு வந்தா, அது நம்ம வீட்டுப் பொண்ணுதான். தப்பா எழுதறான்னு சொல்லிடாதே, மனசு கஷ்டப்படுவா."

மருமகள் போனைப் பார்த்தாள். 'வாள்த்துகள்! உங்களுக்குத் தையல் மெஷின் பரிசு!'

காது மடல் சூடானது. கண்ணும் கலங்கியது, சிரிப்பும் வந்தது. 'ள'வை அழித்தாள். தேடிப்பிடித்து 'ழ'வைப் போட்டாள். அனுப்பினாள்.

உள்ளே டிங் என்றது.

"இருடி, ஏதோ வந்திருக்கு... ச்சே! எவனோ தையல் மெஷின் தர்றானாம். இவன் மூஞ்சிக்கு! அழிச்சுட்டேன்."

பாஸ்!

"அக்கா!" ஜன்னலுக்குப் பாய்ந்தாள் மருமகள். "நான் பாஸ்! நீங்க சொன்னது சரிதான், வேணும்னேதான் தொட்டிருக்காங்க. ஆனா அது என்னைக் கவுக்கறதுக்கு இல்லக்கா, என்னை..."

"ஏம்மா!" உள்ளேயிருந்து மாமியார் கூப்பிட்டார். "இன்னைக்கு உன் மெசேஜ் இன்னும் வரலையே? சீக்கிரம் அனுப்பு, மாட்டிக்கறதுக்குக் கண்ணாடியெல்லாம் போட்டுட்டு உக்கார்ந்திருக்கேன்!"